நட்சத்திரத்தின் வெளிச்சத்தை நம் கம்ப்யூட்டரில் பார்க்கலாம்

நாசா 2009 மார்ச்சில் அனுப்பிய கெப்ளர் ஸ்பேஸ் டெலஸ்கோப் அழகான படம் எதையும் எடுக்கவில்லை. சிக்னஸ், லைரா நட்சத்திரக் கூட்டங்கள் உள்ள ஒரே பகுதியை நான்கு ஆண்டுகள் பார்த்துக்கொண்டே இருந்து, சுமார் 1,50,000 நட்சத்திரங்களின் வெளிச்சத்தை அளந்தது. அந்த டேட்டா முழுவதும் இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடைக்கிறது.

கெப்ளரின் கேமராவில் 42 சிசிடி சிப்கள், மொத்தம் 95 மெகாபிக்சல். வேடிக்கை என்னவென்றால், அதன் ஃபோகஸை வேண்டுமென்றே சற்றுக் கலைத்து வைத்திருந்தார்கள். அப்போதுதான் ஒரு நட்சத்திரத்தின் ஒளி பல பிக்சல்களில் பரவும். ஏதோ ஒரு பிக்சலின் கோளாறு அளவைக் கெடுக்காது. அந்தப் பிக்சல்களின் எண்களை, எக்ஸெலில் கூட்டுவதுபோல் கூட்டினால் வெளிச்சத்தின் அளவு கிடைத்துவிடும். அரை மணிக்கு ஒரு அளவு. இவற்றை வரிசையாக கிராஃப் போட்டால் வருவதுதான் லைட் கர்வ்.

நட்சத்திரத்தின் முன்னால் ஒரு கிரகம் கடந்தால் கர்வில் பள்ளம் விழும். சூரியனைப் போன்ற நட்சத்திரத்தை வியாழன் அளவுள்ள கிரகம் மறைத்தால் சுமார் 1 சதவீதம் குறையும். பூமி அளவு என்றால் 0.0084 சதவீதம்தான்!

இதை நீங்களே பார்க்க 'லைட்கர்வ்' என்ற இலவச பைத்தான் தொகுப்பு உள்ளது. கூகுள் கோலாபில் இயக்கினால் உங்கள் கம்ப்யூட்டரில் பைத்தானை இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை; பிரவுசர் போதும். நட்சத்திரத்தின் எண்ணைக் கொடுத்துத் தேடி, டவுன்லோட் செய்து, கிராஃப் போடச் சொல்ல வேண்டியதுதான்.

நான் முதலில் பார்த்தது கேஐசி 8462852. கெப்ளர் டேட்டாவை அலசிய 'பிளானட் ஹன்டர்ஸ்' தன்னார்வலர்களின் கண்ணில் பட்ட நட்சத்திரம் இது. 2011 மார்ச்சில் இதன் ஒளி 15 சதவீதம் குறைந்தது; 2013 பிப்ரவரியில் 22 சதவீதம் வரை. எந்தக் கிரகமும் இவ்வளவு மறைக்காது. தபெத்தா போயாஜியன் குழு 2015-ல் இதை வெளியிட்டதும், வேற்றுக்கிரகவாசிகளின் கட்டுமானமோ என்றுகூடப் பேச்சு எழுந்தது. பின்னர் 2017-ல் ஒளி குறைந்தபோது அளந்ததில், நீல ஒளி சிவப்பைவிட அதிகம் குறைந்திருந்தது. திடப்பொருள் மறைத்தால் எல்லா நிறமும் ஒரே அளவில் குறையும். ஆகவே நுண்ணிய தூசியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

என் கிராஃபிலோ பள்ளத்துக்குப் பதில் படிக்கட்டு மாதிரி வந்தது. ஒரு மாலைப் பொழுது முழுவதும் நட்சத்திரம்தான் ஏதோ செய்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். விஷயம் இதுதான்: சோலார் பேனல் சூரியனை நோக்கியிருக்க, கெப்ளரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை 90 டிகிரி திருப்புவார்கள். நட்சத்திரம் வேறு சிப்பில் விழும், அளவும் மாறிவிடும். நானோ திருத்தப்படாத 'சாப்' அளவை எடுத்து, அப்படியே ஒட்டியிருந்தேன். நீங்கள் 'பிடிசிசாப்' அளவை எடுத்து, 'ஸ்டிட்ச்' கட்டளையால் இணையுங்கள். எக்ஸ் அச்சில் 792, 1519 என்ற நாட்களுக்கு அருகில் இரண்டு பள்ளங்களும் தெளிவாகத் தெரியும்.

கெப்ளர் 2018 அக்டோபரில் ஓய்வு பெற்றது. அதே ஆண்டு ஏப்ரலில் அனுப்பப்பட்ட டெஸ் டெலஸ்கோப்பின் டேட்டாவையும் இதே முறையில் டவுன்லோட் செய்யலாம்.