நீரிழிவும் நினைவாற்றலும்

மனிதனை மனிதனாக வைத்திருப்பது நினைவு. பெற்ற பிள்ளையின் பெயரும், பழகிய வீதியும், கற்ற கல்வியும் அதன் கண்ணே தங்கியுள்ளன. அந்நினைவு தளருங்கால், "வயது போய்விட்டது" என்று கூறி நாம் அமைந்துவிடுகின்றோம். ஆயின், அத்தளர்ச்சிக்கு முதுமையன்றிப் பிறிதொரு காரணமும் உண்டென்றும், அஃது ஓரளவு தடுக்கத்தக்கதென்றும் மருத்துவ நூலார் கூறுவர். நம் மக்கள் "சீனி வருத்தம்" என வழங்கும் நீரிழிவே அது.

நீரிழிவு புதிய நோயன்று. பண்டை ஆயுள்வேத நூல்கள் இதனை மதுமேகம் எனக் குறித்துள்ளன. 1921ஆம் ஆண்டில் கனடா நாட்டு ரொறன்ரோ நகரில் பன்ரிங், பெஸ்ற் என்னும் இருவர் சதையியிலிருந்து இன்சுலின் என்னும் ஓமோனைப் பிரித்தெடுத்தனர். ஆயினும், எல்லா நோயாளரும் அதற்கு ஒரே வகையாய் இணங்குவதில்லை என்பதை 1936இல் ஹிம்ஸ்வேர்த் என்னும் ஆங்கில மருத்துவர் எடுத்துக்காட்டினார். இவ்விணங்காமையே இன்சுலின் எதிர்ப்பு எனப்படுவது.

வயல் சார்ந்த ஊரவராகிய நமக்கு இதனை விளங்குதல் எளிது. வாய்க்கால் நிறைய நீர் ஓடினும், வக்கடை அடைபட்டால் வயல் வரண்டே கிடக்கும். குருதியே வாய்க்கால், குளுக்கோசே நீர், தசை முதலியவற்றின் கலங்களே வயல். வக்கடையை வெட்டிவிடும் ஆள் இன்சுலின். மண் இறுகியவிடத்து ஒருவர் வேலைக்குப் பலர் வேண்டுமன்றோ? அவ்வாறே சதையியும் மேன்மேலும் இன்சுலினைச் சுரந்து, ஈற்றில் களைத்துவிடுகின்றது. வயிற்றுப் பருமன், உடலுழைப்பின்மை, பரம்பரை என்பன இவ்விறுக்கத்துக்குக் காரணங்களாம்.

இனி, மூளைக்கும் இதற்கும் உள்ள தொடர்பு யாது? உடல் நிறையில் நூற்றுக்கு இரண்டு பங்கேயாகிய மூளை, உடலின் சக்தியில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கைச் செலவிடுகின்றது. நரம்புக்கலங்கள் பெரும்பாலும் இன்சுலினின் துணையின்றியே குளுக்கோசைப் பெறுவன. எனினும், மூளையிலும் இன்சுலின் வாங்கிகள் உள்ளமை 1978இல் எலிகளில் கண்டறியப்பட்டது. அங்கு இன்சுலின் நினைவு பதிவதற்குத் துணைபுரியும் தூதாகத் தொழிற்படுகின்றது. அத்தூதின் வலு குன்றுதல் ஒரு கேடு. மிகுந்த வெல்லம் மூளையின் நுண்குழாய்களைப் பழுதாக்குதல் மற்றொன்று. நெதர்லாந்தின் ரொட்டர்டாம் நகரில் 55 வயதுக்கு மேற்பட்டோரிடை நடந்து 1999இல் வெளியான ஆய்வு, நீரிழிவுடையார்க்கு மறதிநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இருமடங்கு எனக் கண்டது. இதனால் நீரிழிவுடையார் அனைவரும் நினைவிழப்பர் என்று கொள்ளற்க. வாய்ப்பு மிகுகின்றது என்பதே பொருள்.

இலங்கையில் 2018–2019 காலத்து ஆய்வொன்று, வளர்ந்தோருள் நூற்றுக்கு 23 பேர் நீரிழிவுடையர் எனக் கணித்தது. ஆதலின் இது பிறர் வீட்டுச் செய்தியன்று.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். வெல்லம் மிகுதல் தீதெனின், அளவிறந்து குறைதலும் தீதே. கடுமையாகக் குறைக்கும் சிகிச்சை சிந்தனைத் திறனை மேம்படுத்தவில்லை என 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டிற்று. காலையில் விழுங்கிய குளிசையை மறந்து மீண்டும் விழுங்கும் முதியவர் மயங்கி வீழ்தல் கூடும். எனவே, மறதியுடைய முதியவரின் மருந்தை வீட்டார் ஒருவர் பொறுப்பேற்றுக் கொடுத்தல் கடன். நோன்பு நோற்கும் முஸ்லிம் அன்பரும், விரதம் அனுட்டிக்கும் சைவரும் முன்னரே வைத்தியரைக் கலந்துகொள்ளல் நன்று.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. நீரிழிவின் விளிம்பில் நின்றோரிடை இந்தியாவில் நடத்தப்பட்டு 2006இல் வெளியான ஆய்வில், நடையும் உணவு ஒழுங்கும் நோய் தோன்றும் வாய்ப்பை ஏறக்குறைய நூற்றுக்கு 28 பங்கு குறைத்தன. சோற்றின் அளவைச் சுருக்கிக் கீரையையும் பருப்பையும் கூட்டுதலும், மாலையில் நடத்தலும் எவர்க்கும் இயல்வனவே.

மாணவர்காள்! உங்கள் வீட்டு முதியவர் ஒரே கேள்வியை மீண்டும் மீண்டும் கேட்பின் சினவாதீர். அவரை வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்று குருதியைச் சோதிப்பியுங்கள். அவர் நினைவில் நீங்கள் நெடுங்காலம் வாழ்வதற்கு அதுவே முதற்படி.