கொட்டலசுக்கு ஒரு இட்லித்துணி

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தமிழகத்தின் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. காசிமேட்டில் படகுகளைக் கரையேற்றி, அடியில் அப்பிய கொட்டலசு என்னும் ஓட்டுயிரியைச் சுரண்டிப் பெயின்ட் அடிப்பது அப்போதுதான். 'நஞ்சில்லாத பூச்சு, இனி எதுவும் ஒட்டாது' என்கிற விளம்பரங்களைச் சற்று ஐயத்தோடுதான் படிக்க வேண்டும். அவை விற்கும் சிலிக்கோன் ரப்பர் பூச்சிலும் கொட்டலசு ஒட்டும். கப்பல் ஓடினால் உதிரும், அவ்வளவே.

உதிர்கிற விதம்தான் அழகு. வெறும் தட்டில் ஒட்டிய இட்லியை இழுத்தால் அடிப்பரப்பு மொத்தமும் ஒருசேர எதிர்க்கிறது, பிய்ந்துதான் வரும். துணியில் ஊற்றியதோ, துணி வளைவதால் ஓரத்தில் கொஞ்சம் விடுகிறது. இழுவிசை முழுதும் அந்த இடத்தில் குவிய, பிளவு உள்ளே ஓடுகிறது. கொட்டலசின் சுண்ணாம்பு அடித்தட்டு வளையாது. அதற்கடியில் ரப்பர் நெளிகிறது. எனவே வழுக்கும் பரப்பு மட்டும் போதாது. பரப்பு ஆற்றலையும் மீட்சிக் குணகத்தையும் (விறைப்பின் அளவு) பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால், ஒட்டும் வலிமை ஏறக்குறைய அதோடு ஒத்துப்போகிறது. பரப்பு ஆற்றல் இன்னும் குறைவான டெஃப்லான் சிலிக்கோனிடம் தோற்பது அதன் விறைப்பால்தான். துணியை நனைப்பதுபோல் சில பூச்சுகளில் சிலிக்கோன் எண்ணெயும் சேர்க்கிறார்கள். அது மெல்லக் கடலில் கசிகிறது. கடலை இட்லிப்பானை ஆக்குவதற்குள் உவமையை நிறுத்திக்கொள்வோம்.

பழைய தடுப்பு முறைகளின் வரலாறு வேண்டுமென்றால்: 1761-ல் 'அலாரம்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலுக்குச் செப்புத் தகடு அடித்தார்கள். 1960-களில் பரவிய டிரைபியூட்டைல் டின் பெயின்ட், பிரான்சின் ஆர்க்காஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பைச் சீரழித்தது. அந்தப் பெயின்டுக்கான சர்வதேசத் தடை 2008-ல் நடைமுறைக்கு வந்தது.

சிலிக்கோன் பூச்சால் எரிபொருள் மிச்சமாகாதா என்று கேட்கலாம். ஆகும். கனத்த சுண்ணாம்புப் படிவு ஒரு போர்க்கப்பலின் வழக்கமான பயண வேகத்துக்குத் தேவையான திறனை 86 சதவீதம் வரை கூட்டும் என்று 2007-ல் அமெரிக்காவில் கணக்கிட்டார்கள். ஆனால் அந்த எண்ணைக் காட்டிப் பூச்சு விற்பவர், அழுக்கேறிய கப்பலோடு ஒப்பிடுகிறார். ஒழுங்காகச் செப்புப் பெயின்ட் அடித்த கப்பலோடு ஒப்பிட்டால் மிச்சம் வெகுவாகச் சுருங்கும். தவிர, டயட்டம் பாசியின் வழவழப்புப் படலம் சிலிக்கோனை இறுகப் பற்றும்; மணிக்கு 30 கடல்மைல் வேகத்திலும் முழுதாக விடாது, கப்பலுக்கு நீரின் எதிர்ப்பையும் கூட்டும். நிற்காமல் விரையும் சரக்குக் கப்பலுக்கு இந்தப் பூச்சு கட்டுப்படியாகும். வலையை இழுத்து ஊர்ந்து, பிறகு துறைமுகத்தில் பக்கத்துப் படகோடு உரசி நிற்கும் விசைப்படகில் ரப்பர் முதலில் கிழியும்; கிழிந்த இடத்தில் கொட்டலசு குடியேறும். அங்கே செப்புப் பெயின்டும் சுரண்டியும் இப்போதைக்கு ஓய்வு பெறப்போவதில்லை.