சத்தம் வரலைன்னா உலோகம் இல்லைன்னு அர்த்தமா? மெட்டல் டிடெக்டர் காயிலைச் சோதிக்க வீட்டிலேயே ஒரு டெஸ்டர்

மால் வாசலில் நிற்கும் அந்தக் கதவுச் சட்டத்துக்குள் நுழைகிறீர்கள். 'பீப்' என்று சத்தம் வந்தால் பாக்கெட்டில் சாவியோ, பெல்ட் பக்கிளோ இருக்கிறது என்று புரியும். சத்தமே வரவில்லை என்றால்? உங்களிடம் உலோகம் எதுவும் இல்லாமல் இருக்கலாம். அல்லது அந்தக் கருவி வேலை செய்யாமல் இருக்கலாம். வெளியே நின்று பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இந்தக் கேள்வி எனக்கு வந்தது சேலையூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில். பாலிடெக்னிக் படிக்கும் தம்பி, கல்லூரி புராஜெக்ட்டுக்காக ஒரு மெட்டல் டிடெக்டர் செய்துகொண்டிருந்தான். பிளாஸ்டிக் வாளியைச் சுற்றிக் காப்பர் வயரை 25 சுற்று சுற்றி, கழற்றி எடுத்து, டேப் ஒட்டி காயில் தயார். ஆன் செய்தால் ஐந்து ரூபாய் நாணயத்துக்கும் சத்தம் இல்லை, அம்மாவின் தோசைக்கல்லுக்கும் சத்தம் இல்லை. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தோம். வயர் எங்கேயும் அறுந்திருக்கவில்லை. "காயில் ஓகேதான், சர்க்யூட்லதான் பிரச்சனை" என்று டிரான்சிஸ்டரை இரண்டு முறை மாற்றினான். கடைசியில் பார்த்தால், பிரச்சனை காயிலில்தான் இருந்தது.

காயிலுக்குள் என்னதான் நடக்கிறது?

மெட்டல் டிடெக்டரின் கண் என்று காயிலைத்தான் சொல்ல வேண்டும். அதில் மாறி மாறி மின்சாரம் பாயும்போது சுற்றிலும் ஒரு காந்தப்புலம் உருவாகும். பக்கத்தில் உலோகம் வந்தால் அந்தப் புலம் உலோகத்துக்குள் சின்னச் சின்ன சுழல் மின்னோட்டங்களை உண்டாக்கும். அந்த மின்னோட்டம் திரும்ப ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கி, காயிலின் புலத்தை லேசாகக் கலைக்கும். இந்தக் கலைசலைக் கண்டுபிடித்து 'பீப்' என்று சொல்வதுதான் மற்ற எலெக்ட்ரானிக்ஸின் வேலை.

இப்போது தம்பியின் காயிலுக்கு வருவோம். காப்பர் வயர் மேல் எனாமல் பூச்சு இருக்கும். வயரை ஆணியில் மாட்டி இழுத்ததில் ஓரிடத்தில் பூச்சு உரிந்து, பக்கத்துப் பக்கத்துச் சுற்றுகள் இரண்டும் தொட்டுக்கொண்டுவிட்டன. அதாவது காயிலுக்குள்ளேயே ஒரு மூடிய காப்பர் வளையம். டிடெக்டரைப் பொறுத்தவரை தன் கூடவே எப்போதும் ஒரு உலோகத் துண்டு ஒட்டிக்கொண்டிருப்பது மாதிரி. அப்புறம் எப்படி வெளியில் இருக்கும் நாணயத்தைப் பார்க்கும்?

மல்டிமீட்டர் ஏன் கண்டுபிடிக்கவில்லை?

ஒரு சின்னக் கணக்கு. 20 செ.மீ. விட்டத்தில் 25 சுற்று என்றால் சுமார் 16 மீட்டர் வயர். 0.4 மி.மீ. தடிமன் வயருக்கு மின்தடை 2 ஓம் சொச்சம். ஒரு சுற்று ஷார்ட் ஆனால் அதில் 0.1 ஓம்கூடக் குறையாது. சாதாரண மல்டிமீட்டரின் முனை வயர்களுக்கே அதைவிட அதிகத் தடை உண்டு. ஆக, மல்டிமீட்டர் வயர் அறுந்ததை மட்டும்தான் சொல்லும்.

மோட்டார் வைண்டிங் கடைக்காரர்களுக்கு இது பழைய கதை. ஆர்மேச்சரில் ஷார்ட் ஆன சுற்றைப் பார்க்க அவர்கள் 'கிரவுலர்' என்ற தனிக் கருவியே வைத்திருப்பார்கள். நமக்கும் அப்படி ஒன்று வேண்டும்.

1881-ல் கிரஹாம் பெல்லுக்கு என்ன ஆச்சு?

தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல்லே இந்த விஷயத்தில் தடுமாறியிருக்கிறார். 1881 ஜூலை 2 அன்று அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்ட் சுடப்பட்டார். உடலுக்குள் குண்டு எங்கே இருக்கிறது என்று டாக்டர்களுக்குத் தெரியவில்லை. பெல் காயில்களை வைத்து ஒரு கருவி செய்து, அதிபரின் படுக்கைக்கே கொண்டுபோனார். வெளியே சோதித்தபோது நன்றாக வேலை செய்த கருவி, அங்கே தெளிவான பதில் தரவில்லை. மெத்தைக்குள் இருந்த எஃகுக் கம்பிகள் கருவியைக் குழப்பிவிட்டன. குண்டு இடது பக்கம் இருக்க, டாக்டர் தேடச் சொன்னதோ வலது பக்கத்தில். செப்டம்பர் 19 அன்று கார்ஃபீல்ட் இறந்தார்.

கருவி சரியாக இருந்தால் மட்டும் போதாது, அதை எங்கே வைத்துப் பார்க்கிறோம் என்பதும் முக்கியம். கீழே டெஸ்டரைப் பயன்படுத்தும்போது இதை நினைவில் வையுங்கள்.

உயிரே காயிலை நம்பியிருக்கும் இடம்

நமக்கு டிடெக்டர் பழுதானால் புராஜெக்ட் மார்க் போகும். கடலுக்கு அந்தப் பக்கம், கிளிநொச்சி மாவட்டத்தின் முகமாலையில் நிலைமை வேறு. போர்க்காலத்தில் ராணுவத்துக்கும் புலிகளுக்கும் இடையே முன்னரங்காக இருந்த ஊர் அது. மண்ணுக்குள் புதைத்த கண்ணிவெடிகளை அகற்றும் வேலை அங்கே பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. 2002 முதல் இலங்கையில் இயங்கும் ஹாலோ டிரஸ்ட் போன்ற அமைப்புகளில் உள்ளூர்த் தமிழ்ப் பெண்கள் பலர் இந்த வேலையைச் செய்கிறார்கள். போரில் கணவரை இழந்தவர்களும் அவர்களில் உண்டு.

ஆள்கொல்லிக் கண்ணிவெடிகள் பலவற்றுக்கு உடல் பிளாஸ்டிக்தான். உள்ளே இருக்கும் உலோகம் மிகக் கொஞ்சம். இங்கே டிடெக்டர் மௌனமாக இருந்தால், அந்த மௌனத்தை நம்பித்தான் ஒருவர் அடுத்த அடி முன்னே போக வேண்டும். அதனால்தான் வேலை தொடங்கும் முன்பும், நடுநடுவேயும் டிடெக்டரைத் தெரிந்த ஒரு சோதனைப் பொருளுக்கு மேல் காட்டி, சத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பது கண்ணிவெடி அகற்றுவோரின் நடைமுறை. விமான நிலையங்களிலும் இதே யோசனைதான். கதவுச் சட்டத்துக்குள் சோதனைத் துண்டு ஒன்றைக் கொண்டுபோய்ப் பார்ப்பார்கள்.

சரி, டெஸ்டர் எப்படிச் செய்வது?

கோவில் மணியை ஒரு தட்டுத் தட்டினால் கொஞ்ச நேரம் ஒலித்து அடங்கும் இல்லையா? காயிலோடு ஒரு கெப்பாசிட்டரைச் சேர்த்து, மின்சாரத்தால் ஒரு தட்டுத் தட்டினால் அதுவும் அப்படித்தான் அதிர்ந்து அடங்கும். எவ்வளவு வேகமாக அதிர்கிறது, எத்தனை முறை அதிர்ந்து அடங்குகிறது என்ற இரண்டையும் அளப்பதுதான் நம் டெஸ்டர்.

தேவையானவை: ஆர்டுயினோ ஊனோ போர்டு, எல்எம்393 கம்பேரட்டர் ஐசி, 1என்4007 டையோடு, 1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெப்பாசிட்டர் இரண்டு, 150 ஓம் ஒன்று, 220 ஓம் ஒன்று, 1 கிலோஓம் இரண்டு, 100 கிலோஓம் ஒன்று என ரெசிஸ்டர்கள், ஒரு பிரெட்போர்டு. எலெக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் வேண்டாம், அளவு துல்லியமாக இருக்காது. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி எழும்பூரில் இறங்கினால் ரிச்சி தெரு ஆட்டோ தூரம்தான். ஆர்டுயினோவைத் தவிர மற்றதெல்லாம் ஒரு சினிமா பார்க்கும் செலவுக்குள் முடிந்துவிடும்.

இணைப்பு இப்படி:

1. காயிலையும் இரண்டு கெப்பாசிட்டர்களையும் பக்கவாட்டில், அதாவது பேரலலாக இணையுங்கள். ஒரு முனை கிரவுண்டுக்கு.

2. ஆர்டுயினோவின் 13-ம் பின்னிலிருந்து 150 ஓம், அதன் பிறகு டையோடு, அங்கிருந்து காயிலின் இன்னொரு முனை. டையோடின் கோடு போட்ட பக்கம் காயிலைப் பார்த்து இருக்க வேண்டும்.

3. அதே காயில் முனையிலிருந்து 1 கிலோஓம் வழியாக கம்பேரட்டரின் பிளஸ் உள்ளீட்டுக்கு ஒரு வயர்.

4. கம்பேரட்டரின் மைனஸ் உள்ளீட்டுக்கு, 5 வோல்ட்டிலிருந்து 100 கிலோஓம், கிரவுண்டுக்கு 220 ஓம். இதனால் அங்கே சுமார் 11 மில்லிவோல்ட் நிற்கும். அதைவிடச் சின்ன அதிர்வை டெஸ்டர் கணக்கில் எடுக்காது.

5. ஐசிக்கு 5 வோல்ட்டும் கிரவுண்டும் கொடுங்கள். கம்பேரட்டர் வெளியீடு 11-ம் பின்னுக்கு. அங்கிருந்து இன்னொரு 1 கிலோஓம் 5 வோல்ட்டுக்கு.

புரோகிராமும் சுலபம். 13-ம் பின்னை 5 மில்லிசெகண்ட் ஆன் செய்து ஆஃப் செய்யுங்கள். 11-ம் பின்னில் வரும் ஒரு துடிப்பின் நீளத்தை மைக்ரோசெகண்டில் அளக்க 'பல்ஸ்இன்' கட்டளை போதும். அடுத்த தட்டில், மொத்தம் எத்தனை துடிப்புகள் வந்தன என்று மட்டும் எண்ணச் சொல்லுங்கள். பத்து முறை செய்து சராசரி எடுத்தால் நல்லது.

எண்களை எப்படிப் படிப்பது?

துடிப்பின் நீளத்தை அதே எண்ணால் பெருக்கி 20-ஆல் வகுத்தால், காயிலின் இண்டக்டன்ஸ் மைக்ரோஹென்றியில் கிடைக்கும். கெப்பாசிட்டர் மொத்தம் 2 மைக்ரோஃபாரட் என்பதால்தான் இந்த 20. உதாரணமாக 77 மைக்ரோசெகண்ட் வந்தால், 77 x 77 = 5,929. 20-ஆல் வகுத்தால் சுமார் 296. தம்பியின் அளவில் சுற்றிய நல்ல காயிலுக்கு 300-ஐ ஒட்டித்தான் வர வேண்டும். முதலில் கடையில் வாங்கிய 330 மைக்ரோஹென்றி இண்டக்டர் ஒன்றை மாட்டி, டெஸ்டர் சரியாகச் சொல்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது எண்தான் சுவாரஸ்யம். ஒரே ஒரு சுற்று ஷார்ட் ஆனால், இந்த வேகத்தில் இண்டக்டன்ஸ் கொஞ்சம்தான் குறையும். "வாளி கொஞ்சம் சின்னதா இருந்திருக்கும்" என்று விட்டுவிடுவோம். ஆனால் துடிப்பு எண்ணிக்கை கணக்குப்படி 6-லிருந்து 3-க்கு இறங்கிவிடும். விரிசல் விட்ட மணி 'டொக்' என்று அடங்குவது மாதிரி. தம்பியின் காயிலைக் காட்டிக்கொடுத்தது இந்த எண்தான். வயரைப் பிரித்து, உரிந்த இடத்தில் வார்னிஷ் தடவி, மறுபடி சுற்றியதும் எண்ணிக்கை ஏறியது. தோசைக்கல்லுக்கும் சத்தம் வந்தது.

துடிப்பே வரவில்லை என்றால் வயர் அறுந்திருக்கிறது. ஒரு முறை வந்து ஒரு முறை வராமல் போனால், கேபிள் காயிலுக்குள் நுழையும் இடத்தை லேசாக அசைத்துப் பாருங்கள். பல காயில்கள் போவது அந்த இடத்தில்தான்.

பெல்லின் மெத்தையை மறக்காதீர்கள். ஸ்டீல் டேபிள், கட்டில், பீரோ பக்கத்தில் வைத்துச் சோதித்தால் நல்ல காயிலும் பழுது மாதிரி காட்டும். பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் வையுங்கள். கை மோதிரம், வளையலைக் கழற்றிவிடுங்கள்.

இந்த டெஸ்டர் எதைச் சொல்லாது?

மழைத்தண்ணீர் இறங்கிய காயிலை இது கண்டுபிடிக்காமல் போகலாம். ஈரம் அதிகம் பாதிப்பது சுற்றுகளுக்கு இடையே உள்ள கெப்பாசிட்டன்ஸை. இந்தக் குறைந்த வேகத்தில் அது தெரியாது. டிடெக்டரின் மற்ற சர்க்யூட் பற்றியும் இது ஒன்றும் சொல்லாது.

அப்பார்ட்மென்ட், கம்பெனி வாசலில் இருக்கும் கதவுச் சட்டத்தைக் கழற்றி இதில் மாட்டிப் பார்க்கவும் வேண்டாம். அதற்கு வேறு வழி இருக்கிறது: ஒரே அளவுள்ள இரும்புத் துண்டு ஒன்றை எடுத்துவைத்து, தினமும் காலையில் முழங்கால், இடுப்பு, தலை உயரத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாலே போதும். மூன்றில் ஒரு உயரத்தில் சத்தம் வரவில்லை என்றாலும் சர்வீஸுக்குக் கூப்பிட வேண்டியதுதான்.

டிடெக்டர் தயாரானதும் புதையல் தேடலாமா?

வீட்டில் டிடெக்டர் செய்து விளையாடுவது வேறு, புதையலுக்குத் தோண்டுவது வேறு. 1878-ம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் அனுமதியில்லாமல் தோண்டுவதும் குற்றம்.

கடைசியாக ஒன்று. காயில் நன்றாக இருக்கும்போதே அதன் இண்டக்டன்ஸையும் துடிப்பு எண்ணிக்கையையும் ஒரு டேப்பில் எழுதி காயில் மேலேயே ஒட்டிவிடுங்கள். நாளைக்கு டிடெக்டர் மௌனமானால், ஒப்பிட்டுப் பார்க்க அந்த இரண்டு எண்கள் கையில் இருக்கும். தம்பியின் காயிலில் இப்போது அப்படி ஒரு டேப் இருக்கிறது.