சர்வர் சுந்தரம் இங்கே கிளையன்ட்

ஹோட்டல் சர்வர் என்றதும் நமக்கு நாகேஷ்தான் நினைவுக்கு வருவார். ‘சர்வர் சுந்தரம்’ வந்தது 1964-இல். கணினிக்காரர்கள் அந்தப் பெயரைப் பிடுங்கிச் சமையற்கட்டுக்கு வைத்துவிட்டார்கள். அவர்கள் சர்வர் என்பது பதார்த்தம் இருக்கும் இடத்தை. ஆர்டர் கேட்டு, உள்ளே போய்ச் சொல்லி, வாங்கி வந்து மேஜையில் வைக்கிற சுந்தரத்தின் வேலையைச் செய்வது கிளையன்ட் லைப்ரரி. குழப்பம் வேண்டாம், இங்கே அவரைச் சப்ளையர் என்றே சொல்கிறேன்.

சாப்பிட வந்தவர் “ரெண்டு நெய் ரோஸ்ட்” என்றால் போதும். மாஸ்டரிடம் எப்படிக் கேட்பது, எந்த ஜன்னலில் வாங்குவது என்பதெல்லாம் சப்ளையரின் கவலை. லைப்ரரி எழுதுகிறவர் செய்வது அந்தச் சப்ளையரைப் பழக்கும் வேலை.

நாம் நுழையப்போகும் சமையற்கட்டு எஃப்.டி.பி., கணினிகளுக்கிடையே கோப்புகளைக் கொண்டுபோகும் நெறிமுறை. பழைய கடை. இதன் முதல் வரைவை 1971 ஏப்ரலில் எழுதியவர் அபய் பூஷண்; கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணியில் படித்துவிட்டு எம்.ஐ.டி.க்குப் போனவர். இன்றும் லைப்ரரி எழுதுகிறவர்கள் புரட்டும் விதிப்புத்தகம், ஜான் போஸ்டலும் ஜாய்ஸ் ரெனால்ட்ஸும் 1985 அக்டோபரில் எழுதிய ஆர்.எஃப்.சி. 959.

இந்தக் கடைக்கு இரண்டு ஜன்னல். ஒன்று பேச்சுக்கு, அதன் எண் 21. கடைசி வரை திறந்தே இருக்கும். மற்றது பண்டத்துக்கு, ஒவ்வொரு கோப்புக்கும் புதிதாகத் திறந்து, கொடுத்து முடித்ததும் சாத்திவிடுவார்கள். சொல்வது ஒரு ஜன்னலில், வாங்குவது இன்னொன்றில். இந்தக் கடையில் வருகிற சண்டைகளில் முக்கால்வாசி இதிலிருந்து கிளம்புபவைதான்.

மாஸ்டர் எண்ணில்தான் பேசுவார். போனதும் 220, ‘வாங்க’. பெயர் சொன்னால் 331, ‘சரி, பாஸ்வேர்டு?’. அதையும் சொன்னால் 230, ‘உள்ளே வரலாம்’. முதல் இலக்கத்தில் குணம் தெரிந்துவிடும். 1 என்றால் அடுப்பில் ஏற்றியாச்சு, 2 என்றால் ஆச்சு, 3 என்றால் இன்னும் ஏதோ சொல்லணும், 4 என்றால் இப்போ இல்லை, அப்புறம் வா. 5 என்றால் கிடையாது, மறுபடி கேட்காதே. 4-க்கும் 5-க்கும் வித்தியாசம் தெரியாத சப்ளையர், தீர்ந்துபோன பொங்கலைச் சாயந்திரம் வரை கேட்டுக்கொண்டே இருப்பார். சில மாஸ்டர்கள் வளவளவென்று நாலு வரி பேசுவார்கள். எண்ணை ஒட்டிச் சிறுகோடு இருந்தால் பேச்சு முடியவில்லை. அதே எண்ணுக்குப் பின் இடைவெளி வந்தால்தான் முடிந்தது.

ஒரு கோப்பைக் கேட்டால் இரண்டு பதில் வரும். 150 என்றால் ‘தர்றேன்’. கோப்பு முழுக்கப் போன பிறகு 226, ‘தந்தாச்சு’. நான் முதன்முதலில் ஒரு சப்ளையரை எழுதியபோது கோட்டைவிட்டது இந்த இரண்டாவது பதிலை. பண்டம்தான் கைக்கு வந்துவிட்டதே என்று 226-ஐக் காதில் வாங்காமல் அடுத்த வேலைக்குப் போனேன். வேறு ஃபோல்டருக்குப் போகச் சொன்னேன். அங்கே காத்திருந்த பழைய 226-ஐப் படித்து, ‘2-இல் ஆரம்பிக்கிறது, சரி’ என்றது என் நிரல். அடுத்து ஒரு கோப்பை அழிக்கச் சொன்னேன். ஃபோல்டர் மாறியதற்கான 250 வந்தது. அழித்தாலும் அதே 250 வரும் என்பதால் திரையில் ‘அழிக்கப்பட்டது’ என்று போட்டுவிட்டது. நிஜப் பதிலான 550, ‘அனுமதி இல்லை’, படிக்க ஆளில்லாமல் வரிசையில் நின்றது. ஒரே ஒரு பதில் பின்தங்கியதில், இட்லிக்குச் சொன்ன ‘ரெடி’யை வடைக்கு என்று எடுத்துக்கொண்டு கடையே ஓடியது. இரண்டு நாள் தேடினேன்.

அடுத்தது இரண்டாவது ஜன்னல். ஆதியில் மாஸ்டரே பண்டத்தை எடுத்துக்கொண்டு நம் வீட்டு வாசலுக்கு வருவார். இப்போது வீட்டுக்கு வீடு ரூட்டர் என்றொரு காவல்காரர் நிற்கிறார். கூப்பிடாமல் வருகிறவரை உள்ளே விடமாட்டார். அதனால் ‘பாஸிவ்’ என்று கேட்கிறோம்: நீங்கள் வர வேண்டாம், எந்த ஜன்னல் என்று சொல்லுங்கள், நாங்கள் வந்து வாங்கிக்கொள்கிறோம். பதில் இப்படி வரும்:

227 (192,168,1,10,195,80)

முதல் நான்கும் முகவரி. கடைசி இரண்டில் ஜன்னல் எண் ஒளிந்திருக்கிறது: 195-ஐ 256-ஆல் பெருக்கி 80-ஐக் கூட்டினால் 50000. கணக்கு சுலபம், வில்லங்கம் முகவரியில். 192.168 என்று தொடங்குவது உள்வீட்டு முகவரி. ‘கொல்லைப்பக்கம் வா’ என்று சொல்வது போல; எந்த வீட்டுக் கொல்லை? கெட்ட எண்ணம் உள்ள சர்வராக இருந்தால் வேண்டுமென்றே இன்னொருவர் வீட்டு முகவரியைத் தந்து, நம் சப்ளையரை அங்கே போய்க் கதவைத் தட்ட வைக்கும். அதனால் 2020 டிசம்பரில் கர்ல் என்ற கிளையன்ட் தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டது. சொல்லப்படும் முகவரியை விட்டுவிட்டு, 21-ஆம் ஜன்னலில் யாரிடம் பேசியதோ அதே இடத்துக்குப் போகிறது. நீங்கள் எழுதினாலும் அப்படியே எழுதுங்கள்.

இந்தச் சமையற்கட்டில் கை வைக்கும் பழக்கமும் ஒன்று உண்டு. ‘டைப் ஏ’ என்று கேட்டால் கோப்பை எழுத்து என்று நினைத்துக்கொண்டு, வரி முடிவுகளை எஃப்.டி.பி. வழக்கத்துக்கு மாற்றித் தரும். 10 என்ற பைட் இருக்கும் இடத்தில் 13, 10 என்று இரண்டாக்கும். கடிதத்துக்குச் சரி, படத்துக்கு இதுவே விஷம். கேட்காமல் விட்டால் விதிப்படி இந்த ‘ஏ’தான் கிடைக்கும், ஆகவே சப்ளையர் மறக்காமல் ‘டைப் ஐ’, அதாவது உள்ளது உள்ளபடி, என்று கேட்க வேண்டும். பி.என்.ஜி. படத்தை வடிவமைத்தவர்கள் இதை எதிர்பார்த்திருக்கிறார்கள். அதன் முதல் எட்டு பைட்: 137, 80, 78, 71, 13, 10, 26, 10. நடுவில் ஒரு 13-10, கடைசியில் தனியாக ஒரு 10. வழியில் யாராவது கிளறியிருந்தால் இந்த எட்டிலேயே தெரிந்துவிடும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இதுதான்.

மெனு, அதாவது கோப்புப் பட்டியல், பெரிய தலைவலி, சுருக்கமாகச் சொல்கிறேன். ‘லிஸ்ட்’ கேட்டால் யூனிக்ஸ் கடை ஒரு மாதிரி எழுதித் தரும், விண்டோஸ் கடை வேறு மாதிரி. யூனிக்ஸ் மெனுவில் பழைய கோப்புக்கு வருடம் இருக்கும், நேரம் இருக்காது. புதியதற்கு நேரம் இருக்கும், வருடம் இருக்காது. 2007-இல் வந்த எம்.எல்.எஸ்.டி. கட்டளை இதை ஒழுங்குபடுத்தியது. சர்வருக்கு அது தெரிந்திருந்தால் அதையே கேளுங்கள்.

இத்தனையிலும் பாஸ்வேர்டைக் கடை முழுக்கக் கேட்கும்படிதான் சப்ளையர் கத்துகிறார். குரோமும் ஃபயர்பாக்ஸும் 2021-இல் எஃப்.டி.பி.யைக் கைவிட்டதில் எனக்கு வருத்தமில்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் எஸ்.எஃப்.டி.பி. பக்கம் போகலாம். பெயர்தான் ஒட்டுகிறதே தவிர, எஸ்.எஸ்.எச். என்ற மறைகுறியாக்க இணைப்பின் மேல் ஒரே ஜன்னலில் நடக்கும் வேறு கடை அது.

பழைய கடைக்கே சப்ளையர் எழுத வேண்டி வந்தால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். கோப்பு முழுதாக வந்தாலும் பண்ட ஜன்னல் சாத்தப்படும். சர்வர் பாதியில் செத்தாலும் சாத்தப்படும். 226-ஐக் காதால் கேட்கும் வரை மேஜையில் இருப்பவரிடம் ‘வந்தாச்சு’ என்று சொல்லாதீர்கள்.