மூன்று கூம்பும் ஒரு பெயரும்

2006இல் மலேசியாவின் பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ ஒரு சிடி கடையில் ‘வல்லவன்’ இருக்கிறதா என்று கேட்டிருந்தால், “யோகி பியா, சிம்புவா?” என்று கடைக்காரர் திருப்பிக் கேட்க நியாயம் இருந்தது. யோகி பி, நட்சத்திரா குழுவின் தமிழ் ராப் ஆல்பத்துக்கும் அதுதான் பெயர். அந்த ஆண்டு தீபாவளிக்கு வந்த சிலம்பரசன் படத்துக்கும் அதுதான் பெயர். அட்டையைக் காட்டினால் தீர்ந்துவிடும் குழப்பம் இது.

அட்டையே குழப்பினால்?

லண்டனில் பிறந்து, சிறு வயதை யாழ்ப்பாணத்தில் கழித்த பாடகி எம்.ஐ.ஏ., முதல் ஆல்பத்துக்கு அப்பாவின் இயக்கப் பெயரை வைத்தார்: ‘அருளர்’ (2005). அடுத்தது அம்மா பெயரில், ‘கலா’ (2007). மூன்றாவது 2010இல் தன் செல்லப் பெயரில், ‘மாயா’. நம் வீட்டுப் பெயர்தான், சிக்கலே இல்லை. ஆனால் அதை அச்சிட்ட விதம் வேறு. விசைப்பலகையின் சாய்கோடுகளைக் கொண்டே எழுத்துகளைக் கட்டினார்கள்: ‘எம்’முக்கு இரண்டு கூம்பு, ‘ஏ’வுக்கு நடுக்கோடு இல்லாத ஒற்றைக் கூம்பு.

இடைவெளி விட்டால் படிக்கலாம். விடாவிட்டால் வரிசையாக மூன்று கூம்பு, ஓர் ‘ஒய்’, மறுபடி ஒரு கூம்பு. மாயாவா, அம்யாவா? 1923இலேயே உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் இதை விளக்கியிருக்கிறார். புள்ளிகளை இரண்டிரண்டாக நெருக்கி வைத்தால் கண்ணுக்கு ஜோடிகள் தெரியும். ஒரே சீரான இடைவெளியில் வைத்தால் எது எதோடு சேர்த்தி என்று பிடிபடாது. எழுத்தைப் பிரித்துக் காட்டுவதில் கோட்டுக்கு உள்ள பங்கு வெற்றிடத்துக்கும் உண்டு.

கணினியின் பாடு இன்னும் மோசம். விண்டோஸில் கோப்புப் பெயரில் இந்த இரண்டு சாய்கோடுகளுக்கும் இடமில்லை. கோப்புறைகளின் பாதையைப் பிரிக்கும் குறிகள் அவை. சிடியிலிருந்து பாடல்களை ஏற்றியவர், அச்சில் இருந்தபடியே கோப்புறைக்குப் பெயர் வைக்க முடியாது. அட்டையிலோ யூடியூப் பட்டைகள் அடுக்கடுக்காக வந்து பாடகியின் முகத்தை மறைத்திருக்கும். இணையத்தைச் சந்தேகிக்கும் ஆல்பத்துக்கு இந்தத் தலைவிதி பொருத்தம்தான்.

பெயர் உதவாதபோது மக்கள் படத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். பீட்டர் கேப்ரியல் 1977 முதல் 1982 வரை நான்கு ஆல்பங்களுக்கும் ‘பீட்டர் கேப்ரியல்’ என்றே பெயர் வைத்தார். ரசிகர்கள் விடுவார்களா? மழைத்துளி படர்ந்த காருக்குள் அவர் இருக்கும் முதல் அட்டை ‘கார்’ ஆனது; முகம் மெழுகாய் வழியும் மூன்றாவது ‘மெல்ட்’ ஆனது. நான்காவதை அமெரிக்காவில் வெளியிட்ட கெஃபன் நிறுவனம் ரசிகர்கள் பெயர் வைக்கும்வரை காத்திருக்கவில்லை. ‘செக்யூரிட்டி’ என்ற பெயரிலேயே விற்றது.