உப்புச் சேற்றில் உயிர் பெற்ற காடு!

வெள்ளகோவிலில் கடல் இல்லை. ஆனால், ஊருக்குத் தெற்கே ஓடும் அமராவதி ஆறு கடல் வரை போகிறது!

கரூர் அருகே அமராவதி காவிரியில் கலக்கிறது. முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. கொள்ளிடம் கடலில் விழும் இடத்துக்கு அருகே ஓர் அதிசயக் காடு இருக்கிறது.

அதுதான் பிச்சாவரம். சிதம்பரத்துக்குக் கிழக்கே உள்ள இந்தக் காட்டின் பரப்பு ஏறக்குறைய 1,100 ஹெக்டேர்.

மூச்சு விடும் வேர்

உப்புத் தண்ணீரில் மற்ற மரங்கள் பட்டுப்போகும். சுரபுன்னையும் வெண்கண்டலும் அதிலேயே வளருகின்றன. சேற்றுக்குள் காற்று இல்லை. ஆகவே, வெண்கண்டல் மரம் பென்சில் போன்ற வேர்களை மேலே நீட்டி மூச்சு விடுகிறது!

நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் கரியமில வாயு பெருகுகிறது. அது பூமியைப் போர்வை போல மூடிச் சூடாக்குகிறது. இந்த மரங்கள் அந்த வாயுவை இழுத்து வளருகின்றன. உதிர்ந்த இலையும், செத்த வேரும் காற்றில்லாத சேற்றில் எளிதில் மக்குவதில்லை. அதில் உள்ள கரி நூற்றுக்கணக்கான ஆண்டுகள் அங்கேயே கிடக்கும். காட்டை அழித்துச் சேற்றைத் தோண்டினால், அது மறுபடியும் வாயுவாகக் கிளம்பிவிடும்.

மாட்டின் மீது பழி

முன்பு இந்தக் காட்டைப் பகுதி பகுதியாக, மரம் மிச்சமில்லாமல் வெட்டினார்கள். 1970-களில் வெட்டுவது நின்றது. ஆனால், வெட்டிய இடத்தில் காடு திரும்பவில்லை. மேயும் மாடுகளும், விறகு பொறுக்கும் ஊராரும்தான் காரணம் என்று கருதப்பட்டது.

ஆராய்ந்தபோது உண்மை தெரிந்தது. மரம் போனதும் வெயிலில் சேறு காய்ந்து, நிலம் கிண்ணம் போலத் தாழ்ந்துவிட்டது. ஏறிவந்த கடல்நீர் திரும்ப வழியின்றித் தேங்கியது. தண்ணீர் ஆவியாயிற்று, உப்பு மிஞ்சியது. கன்றுகள் செத்தன.

1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும், வனத்துறையும், கிராம மக்களும் சேர்ந்து மீன் முள் வடிவில் வாய்க்கால் வெட்டினார்கள். கடல்நீர் வந்து வந்து திரும்பியது. உப்பு குறைந்தது. நட்ட கன்றுகள் தழைத்தன!

சுனாமி வந்தது

2004 டிசம்பர் 26-ல் சுனாமி தாக்கியது. கடலூர் மாவட்டக் கடற்கரையில், அடர்ந்த மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று 2005-ல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வு கூறியது.

உப்பில் வளரும் இந்தக் காட்டுக்கும் நல்ல தண்ணீர் வேண்டும். ஆற்று நீர் குறைந்தால் உப்பு ஏறும், மரம் வாடும்.

அமராவதியில் வெள்ளம் போகும்போது, "தண்ணீர் வீணாகக் கடலுக்குப் போகிறதே" என்கிறோம். அது அத்தனையும் வீண் அல்ல!