தளர்ந்த இதயத்துக்கு ஒரு பம்பு

எக்மோ என்ற சொல்லைத் தமிழ்நாடு ஒரே இரவில் கற்றுக்கொண்டது 2016 டிசம்பர் 4ஆம் தேதி. சென்னை அப்போலோவில் முதல்வர் ஜெயலலிதாவின் இதயம் நின்றபோது அவருக்கு அந்தக் கருவி பொருத்தப்பட்டது. மறுநாள் இரவு மறைந்தார். 2020இல் பாடகர் எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கும் எக்மோ என்று கேள்விப்பட்டோம். அது கொரோனா தாக்கிய நுரையீரலுக்காக. இரண்டும் சேர்ந்து, 'மெஷின் வைத்துவிட்டார்களா, அப்படியென்றால் முடிந்தது' என்ற எண்ணம் நம்மவரிடம் ஊறிவிட்டது. இங்கே பிளாக்டவுனில் ஊர்ப் பெரியவர்களின் உடல்நிலை பற்றிப் பேச்சு வந்தால் இதே வசனம்தான். நான் மருத்துவன் அல்லன். மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். முதுகலைப் பொறியியலில் பம்புகளோடு கொஞ்சம் பழகியவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

மாரடைப்பு என்பது இதயத் தசைக்கு இரத்தம் தரும் குழாய் அடைபடுவது. இதயம் நின்றுபோவது வேறு. தமிழ்ப் பத்திரிகைகள் இரண்டையும் ஒரே சொல்லால் எழுதிக் குழப்புகின்றன. மாரடைப்பில் தசை நிறையச் சேதமானால், இதயம் துடித்தாலும் அழுத்தம் எழுவதில்லை. சிறுநீர் குறையும், கைகால் சில்லிடும், அறிவு மங்கும். இதைத்தான் இதயவழி அதிர்ச்சி, 'கார்டியோஜெனிக் ஷாக்' என்கிறார்கள். அடைப்பை உடனே திறந்தால் பிழைப்போர் கூடுவர் என்று 1999இல் வந்த ஆய்வு காட்டியது. திறந்த பிறகும் ஏறக்குறையப் பாதிப்பேர் இறக்கிறார்கள். தசை தேறும் வரை யாராவது இறைத்துக் கொடுத்தால் என்ன?

முதல் விடை 1967இல் புரூக்ளினில் கிடைத்தது. ஏட்ரியன் கான்ட்ரோவிட்ஸ் தொடைத் தமனி வழியே பெருந்தமனிக்குள் ஒரு பலூனை விட்டார். இதயம் ஓய்கையில் அது விரியும், துடிக்கையில் சுருங்கும். நாற்பதாண்டுகளுக்கு மேல் உலகமே அதை நம்பியது. ஆனால் 2012இல் 600 நோயாளிகளிடம் ஒப்பிட்டபோது, 30 நாள் இறப்பு பலூன் வைத்தவர்களில் 39.7 சதவீதம், வைக்காதவர்களில் 41.3. வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாவது விடை எனக்குப் பிடித்தமானது. ரிச்சர்ட் வாம்ப்ளர் என்ற மருத்துவர் எகிப்துக் கிராமம் ஒன்றில் ஆர்க்கிமிடீஸ் திருகால் தண்ணீர் இறைப்பதைப் பார்த்தார். நம்மூரில் ஏற்றம் இறைப்பதைப் பார்த்திருந்தால் பலூனோடு நின்றிருப்பாரோ என்னவோ! அந்தத் திருகைக் குழாய்க்குள் அடக்கி அவர் செய்த பம்பு 1988இல் மனிதருக்குள் சுழன்றது. அதே வழியில் வந்ததுதான் இன்றைய இம்பெல்லா. இடது கீழறைக்குள் நுனியை நீட்டி, இரத்தத்தை உறிஞ்சிப் பெருந்தமனியில் விடும்; நிமிடத்துக்கு 40,000 சுற்றுக்கு மேல் போகும்.

எக்மோ இதைவிட வலிமையானது. சிரையிலிருந்து இரத்தத்தை வெளியே எடுத்து, பிராணவாயு ஏற்றி, தொடைத் தமனிக்குள் தள்ளுகிறது. பொறியாளன் கண்ணுக்கு இடறல் இங்கேதான். அந்த ஓட்டம் பெருந்தமனியில் கீழிருந்து மேலே ஏறுகிறது. களைத்த இதயம் அதை எதிர்த்துத்தான் வாயில் திறக்க வேண்டும். உடலுக்கு உதவி, இதயத்துக்குக் கூடுதல் பாரம். 2023இல் வெளியான ஜெர்மானிய ஆய்வில், எல்லோருக்கும் தொடக்கத்திலேயே எக்மோ வைத்ததால் 30 நாள் இறப்பு குறையவில்லை.

சுமையை இறக்கும் இம்பெல்லாவோ 2024இல் தேறியது. டென்மார்க், ஜெர்மனி, பிரிட்டன் மூன்றிலும் சேர்த்து 355 பேரைத் திரட்டவே பத்தாண்டுகள் ஆயின. ஆறு மாத இறப்பு 58.5 சதவீதத்திலிருந்து 45.8 ஆகக் குறைந்தது. சும்மா கிடைத்ததல்ல: இரத்தக்கசிவு, காலுக்கு இரத்தம் போகாமை, டயாலிசிஸ் எல்லாம் கூடின. இதயம் நின்று நினைவு திரும்பாதவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவும் இல்லை. ஆகவே 'புது மெஷின் இருக்காமே, அதை வையுங்கள்' என்று வாட்சப்பைக் காட்டி மருத்துவரை நெருக்குவதிலும் நியாயமில்லை.

நள்ளிரவில் கையெழுத்துக் கேட்கும்போது, 'இது எதுவரைக்குமான பாலம், டாக்டர்?' என்று கேட்கலாம். இதயம் தானாகத் தேறும் வரையா? நிரந்தரப் பம்பு வைக்கும் வரையா? மாற்று இதயம் வரும் வரையா? அந்த மூன்றாவது கரையைச் சிட்னி அண்மையில் பார்த்தது. நாள்பட்ட இதயச் செயலிழப்புள்ள ஒருவருக்கு 2024 நவம்பரில் செயின்ட் வின்சென்ட் மருத்துவமனையில், பிரிஸ்பேன்காரர் டேனியல் டிம்ஸ் வடிவமைத்த பைவாகோர் செயற்கை இதயத்தைப் பொருத்தினார்கள். அதோடு வீட்டுக்கும் போனார். நூறு நாளுக்குமேல் அதில் வாழ்ந்து, 2025 மார்ச்சில் மனித இதயம் பெற்றார்.